பெட்டியில் இல்லாத கேரம் போர்டு

தையற்காரரிடம் மிச்சத் துணியைக் கேட்டு வாங்குகிற ஆளை நான் என் வாழ்நாளில் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு மீட்டர் கொடுத்தால் ஒரு சாணாவது மிஞ்சும் என்பதும், அது மெஷினுக்கு அடியில் கிடக்கும் மூட்டைக்குள் போய்விடும் என்பதும் ஊருக்கே தெரியும். யாரும் கேட்பதில்லை. கேட்டால் அற்பம் என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு கூச்சம். அந்த அக்காவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ரவிக்கையை வாங்கி, பிரித்து, தையலை இழுத்துப் பார்த்துவிட்டு, கையை நீட்டியபடியே நிற்பார்.

"என் சாமான் எங்க?" என்பார். அவ்வளவுதான். தையற்காரர் முணுமுணுத்துக்கொண்டே குனிந்து மூட்டையைத் துழாவுவார்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. எழுதினால், "என் பேர யார கேட்டு போட்டீங்க?" என்று வந்து நிற்பார். கீழ்க்கட்டளையில் அவரை எல்லோரும் நேவிக்காரர் வீட்டம்மா என்பார்கள். கணவர் கடற்படையில் இன்ஜின் பக்கம் வேலை பார்த்தார். வருஷத்தில் இரண்டு முறை லீவில் வருவார், கடைத்தெருவில் அக்காவுக்கு ஓரடி பின்னால் பையோடு நடப்பார், திரும்பிப் போய்விடுவார். மற்ற நாட்களில் வீடும் பிள்ளையும் ரேஷன் கார்டும் அக்காவின் ராஜ்ஜியம்.

பஸ் நிறுத்தத்தை ஒட்டி, அந்தத் தையற்கடைக்கு அடுத்த கடை என்னுடையது. ஜெராக்ஸ், டிடிபி, எஸ்.டி.டி. பூத். எல்லோர் கையிலும் செல்போன் வந்து பூத்துக்குள் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் மனு எழுதுவதுதான் எனக்குச் சோறு போட்டது. நாவலூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்ப எழும்ப, இந்தப் பக்கம் பட்டா, வாரிசு, மின் இணைப்பு என்று மனுக்கள் பெருகின. பத்து கேட்டால் ஐந்து கிடைக்கும், அதனால் பதினைந்து கேள் என்பது என் தொழில் தர்மம். இல்லாத நோயையும் இருக்கிற கஷ்டத்தையும் கலந்து, படிக்கிற அதிகாரிக்குக் கண் கலங்குகிற மாதிரி அடித்துக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அக்காவுக்கு என் திறமை தேவைப்படவில்லை. மேடவாக்கம் சாலையை அகலப்படுத்தியபோது அவர் வீட்டு மதிலை இடிக்க வந்தார்கள். தெருவே கூடி அழுதது. அக்கா ஆவணத்தை வாங்கி மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார், அளவு நாடாவைப் பிடித்து மறுபடி அளக்கச் சொன்னார், அளவு சரியாக இருந்ததும் ஒதுங்கிக்கொண்டார்.

"எடம் உங்குளுதுன்றீங்க, பேப்பர்ல கீது, சரி. செங்கல்லு என்னுது. ஒண்ணு கூட லாரில ஏறக்கூடாது" என்றார்.

மேஸ்திரி சிரித்தார். சாயங்காலம் பார்த்தால், இடித்த செங்கல் எல்லாம் அக்கா வீட்டு வாசலில் வரிசையாக அடுக்கியிருந்தது. மேஸ்திரியின் ஆட்களே அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

இப்படிப்பட்டவரின் கணவர் ஒருநாள் ஆஸ்பத்திரிச் செருப்போடும், யாரோ கொடுத்த டிராக் சூட்டோடும் பல்லாவரம் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் தற்காலிக அடையாள அட்டை. மேற்குக் கரையில் அவருடைய கப்பல் விபத்தில் சிக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூழ்கிவிட்டது. ஆட்கள் எல்லோரும் தப்பித்துவிட்டார்கள். உடுத்தியிருந்ததைத் தவிர ஒரு குண்டூசி கூட யாருக்கும் மிஞ்சவில்லை. அக்கா அவரைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்து, ஸ்டேஷன் வாசலிலேயே ஒருபாட்டம் அழுது தீர்த்தார் என்று ஆட்டோக்காரர் வந்து சொன்னார். அழுது முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, "பொட்டி?"

கடலோடு போன சொந்தச் சாமான்களுக்கு நஷ்டஈடு தருகிறோம், என்னென்ன இருந்தது என்று பட்டியல் கொடுங்கள் என்று எல்லோருக்கும் படிவம் வந்தது. தாம்பரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் அந்தக் கப்பல்காரர்கள் ஆறு பேர். முதலில் என்னிடம் வந்தவர் சேலையூர்க்காரர். கேரம் பைத்தியம். அவர் பட்டியலில் கேரம் போர்டு ஒன்று இருந்தது, நிஜமாகவே கப்பலின் பொது அறையில் வைத்திருந்தாராம். அந்தப் பட்டியல் என் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. அடுத்து வந்த நான்கு பேருக்கும் அதையே திறந்து, பெயரை மாற்றி, கொஞ்சம் சேர்த்து, கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன். "என்னென்ன இருந்துச்சுன்னு ஞாபகமே இல்ல பாய், அவருக்குப் போட்டதையே போடுங்க" என்றார்கள். நானும் போட்டேன்.

ஆறாவதாக அக்கா வந்தார், கணவரையும் கூட்டிக்கொண்டு. கணவர் ஓரமாக நின்றார்.

"எனக்கே மறந்துடுச்சு பாய். பெட்டி கட்டறதெல்லாம் இவதான். இவ சொல்றதப் போடுங்க" என்றார்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதட்டசைவைப் பார்த்தால், பெட்டியை இன்னொரு தடவை மனசுக்குள் அடுக்குகிறார் என்று தெரிந்தது.

"எழுதுங்க பாய். லுங்கி மூணு. ஒண்ணு புச்சு, ரெண்டு பழசு."

"புதுசு பழசெல்லாம் எதுக்குக்கா? மூணுன்னு போட்டா போதாதா?"

"புச்சுக்கும் பழசுக்கும் ஒரே வெலையா? போடுங்க. பருப்புப் பொடி ஒரு டப்பா. டிரான்சிஸ்டர் ஒண்ணு, மூடி ஒடஞ்சது. தேங்காண்ண அர பாட்டில்."

"அரை பாட்டிலா?"

"லீவு முடிஞ்சி போயி ரெண்டு மாசம் ஆச்சில்ல? பாதிய தலைல தேச்சிருப்பாரு. தேச்சதுக்கும் சேத்து கேட்டா அது பொய்யி. கிழிஞ்ச பனியன் ஒண்ணு, ஷூ தொடைக்க."

"அக்கா, இதெல்லாம் போட்டா ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நான் வெச்சேன், போச்சு."

மேலே ஒரு கடிதம் இணைக்க வேண்டும். வழக்கம்போல மிகுந்த தாழ்மையுடன் இறைஞ்சுகிறேன் என்று இங்கிலீஷில் அடித்துவிட்டு, அதன் அர்த்தத்தைச் சொன்னேன். "பிச்சையா கேக்கறோம்? எடுங்க அத" என்றார். எடுத்தேன்.

எல்லாம் முடிந்தபோது நாற்பத்தொரு சாமான், நாற்பத்தொரு வரி. பட்டியலைப் பார்த்தேன். எனக்கே பரிதாபமாக இருந்தது. மற்ற ஐந்து பேருக்கும் கேமராவும் கைக்கடிகாரமுமாகப் போயிருக்கிறது, இந்த அம்மா பாதி எண்ணெயையும் கிழிந்த பனியனையும் வைத்துக்கொண்டு நிற்கிறாரே என்று இரக்கப்பட்டேன். கடைசி வரியில் டிரங்குப் பெட்டி என்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு காற்புள்ளி வைத்து, கேரம் போர்டு ஒன்று என்று சேர்த்தேன். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது, வரிகளை எண்ணத் தெரியும். படித்துக் காட்டச் சொன்னார். நாற்பத்தொன்றைப் படித்தேன். விரலால் வரிகளை எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. கணவர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து ஆறு பட்டியல்களும் திரும்பி வந்தன.

ஒரே கப்பலில் ஆறு கேரம் போர்டு. ஆறும் ஒரே ஊர்ப் பக்கத்து ஆட்கள், ஒரே எழுத்துரு, ஒரே காகிதம். மாலுமியின் லாக்கருக்குள் கேரம் போர்டு நுழையவே நுழையாது என்பது எனக்குத்தான் தெரியவில்லை, சரிபார்த்த அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. கூடவே ஓர் ஒப்புதல் தாளும் வந்திருந்தது. பட்டியலில் பொய்ச் சாமானைச் சேர்த்தது உண்மைதான் என்று அதில் கையெழுத்திட்டால், எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் ஒரு சிறு தொகை கிடைக்கும். மறுப்பவர்கள் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். கையெழுத்திட்ட தாள் அவரவர் பணிக்கோப்பில் சேரும் என்றும் கீழே ஒரு வரி இருந்தது. மற்ற ஐந்து பேரும், நிஜமாகவே போர்டு வைத்திருந்த சேலையூர்க்காரர் உட்பட, தொல்லை வேண்டாம் என்று கையெழுத்திட்டுவிட்டார்கள். அக்காவின் கணவருக்கு அந்த வருஷம் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. கோப்பில் பொய்யன் என்று ஏறிவிட்டால் அது அவ்வளவுதான்.

அக்கா தாளை என் மேஜையில் விரித்தார். சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"இந்த ரவுண்டுக்குள்ள இன்னா கீது பாய்?"

"கேரம் போர்டுக்கா. நான்தான் சேர்த்தேன். உங்களுக்கு நாலு காசு கூட வரட்டும்னு, நல்லதுக்குத்தான்..."

"எனுக்கு நல்லது இன்னான்னு உனுக்கு எப்டி தெரியும்?" அதுவரை என்னை ஒருமையில் பேசியதில்லை. "என் பொட்டில உன் சாமான எதுக்கு வெச்ச?"

நேரில் வந்து அதிகாரியிடம் உண்மையைச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

குறித்த நாளில் மூன்று பேரும் பல்லாவரத்தில் ரயிலேறிப் போனோம். கடற்கரைப் பக்கத்தில் இருந்த அலுவலகம் அது. வாசலில் துப்பாக்கியோடு காவல். உள்ளே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதிகாரி தமிழர்தான், மரியாதையான ஆள். அக்கா நடந்ததைச் சொன்னதும் என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் டைப் பண்ணவரா? இந்த ஐட்டத்த நீங்களா சேத்தீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. சேத்திருந்தா அது வேற கேஸ்."

கேஸ் என்ற அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மனைவி, இரண்டு பெண்கள், கடை வாடகை எல்லாம் கண் முன்னால் வந்தன.

"சொன்னதைத்தான் சார் டைப் பண்ணேன்" என்றேன்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தராசு முள் ஆடி நிற்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார், அவ்வளவுதான். பிறகு அதிகாரி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரி ஒப்புதல் தாளைக் கணவர் முன்னால் நகர்த்தினார். அக்கா தன் உள்ளங்கையைத் தாளின் மேல் வைத்தார்.

"அவரு போட மாட்டாரு சார்."

"அத அவர் சொல்லணும்மா."

கணவர் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். இருபது வருஷமாக மேலதிகாரி சொன்னதற்கு மறுபேச்சு பேசியறியாத மனுஷன். தாளைப் பார்த்தார், அதன் மேலிருந்த கையைப் பார்த்தார்.

"போடல சார்" என்றார்.

"போடலன்னா ஒண்ணுமே கெடைக்காது. அதோட நிக்காது, விசாரணை வரும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். அவ சொன்ன லிஸ்ட்டு சரி சார்."

அதிகாரி ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். திரும்பி வரும்போது ரயிலில் மூவரும் ஒரே பெட்டியில்தான் உட்கார்ந்திருந்தோம். கிண்டியில் ஏறிய ஒருவரிடம் வேர்க்கடலை வாங்கி அக்கா எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார். அதை நான் தின்ற கதையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. தின்றேன்.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே அக்கா வந்துவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் கெஞ்ச வர்ல பாய். திட்டவும் வர்ல. என் சாமான் ஒண்ணு உங்க கைல கீது. எடுத்துகினு போலாம்னு வந்தேன்."

"உங்க சாமானா? என்கிட்டயா?"

"நேத்து அந்த ஆபீஸர்கிட்ட சொல்லாம வெச்சிகினீங்களே, அதான்."

நான் எதையெதையோ சொன்னேன். கேஸ் போட்டால் என் கதி என்ன என்று கேட்டேன். பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன்.

"கேஸு போட்டா நான் வந்து உங்க பக்கம் நிக்கிறேன். நெசத்த சொன்னவன் மேல இன்னாடா கேஸுன்னு கேக்கறேன். அது வேற வேல. இப்ப என்னுத குடுங்க."

வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். அக்கா அவர்களுக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டாரே தவிர எழுந்திருக்கவில்லை. பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். கடையை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனேன், தப்பித்துப் போகிற மாதிரிதான். நின்று என்ன ஓதினேன் என்று நினைவில்லை. திரும்பி வந்தபோது அக்கா என் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காலேஜ் பொண்ணு ஒண்ணு வந்துச்சி, பத்து நிமிசம் கழிச்சி வரச் சொன்னேன்" என்றார்.

நான் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தேன். சேலையூர்க்காரரின் போர்டு நிஜம். மற்ற ஐந்தும் என் வேலை. இந்த அம்மா சொன்னவை நாற்பத்தொன்று, அதில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. படித்துக் காட்டும்போது நாற்பத்திரண்டாவதை மறைத்தது நான். நேற்று நேரில் சொன்னது பொய். கீழே என் பெயர், கடை முகவரி, ரப்பர் ஸ்டாம்ப். ஆயிரக்கணக்கான மனு அடித்திருக்கிறேன். கையெழுத்து என்று நான் போட்டது அன்றைக்குத்தான்.

படித்துக் காட்ட வாயைத் திறந்தேன். "இருங்க" என்று தாளை வாங்கிக்கொண்டு, எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போனார். மருந்துக் கடைக்காரர் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்வதையும், நடுவில் நிமிர்ந்து என் கடைப் பக்கம் பார்ப்பதையும் நான் இங்கிருந்தே பார்த்தேன். காது மடல் எரிந்தது. திரும்பி வந்து, "சரியா கீது. ரெண்டு ஜெராக்ஸ் போடுங்க" என்றார். காசு வேண்டாம் என்றேன்.

"டைப்புக்கு நான் எதுக்கு துட்டு குடுக்கணும்? அது உங்க லெட்டர். ஜெராக்ஸு என்னுது, அதுக்கு எடுத்துக்குங்க" என்று சில்லறையை வைத்துவிட்டுப் போனார்.

கடிதம் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. போலீஸ் வரவில்லை, ஒரு கடிதம் கூட வரவில்லை. எதற்குப் பயந்து ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கினேனோ அந்த ஆபத்தே இல்லை என்று தெரிந்தபோது, வெட்கம் இன்னும் கூடிற்று. செங்கல்பட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். சேலையூர்க்காரர் மட்டும் வந்து, தன் போர்டு நிஜம் என்று எழுதியதற்காகக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அக்காவின் பட்டியல் ஏழெட்டு மாதம் கழித்து ஒவ்வொரு சாமானாக அனுமதிக்கப்பட்டு வந்தது. அரை பாட்டில் எண்ணெய்க்கு அரை பாட்டில் விலையே போட்டிருந்தார்கள். கிழிந்த பனியனை மட்டும் மதிப்பில்லை என்று அடித்திருந்தார்கள். அக்கா அதற்கும் ஒரு மனு கொடுக்கச் சொன்னார். கணவர் முதல் தடவையாக என் கடையில் வைத்துச் சத்தம் போட்டுச் சிரித்தார். அப்புறம், "போடுங்க பாய், போனா போவுது" என்றார். போட்டோம். அதற்குப் பதில் வந்ததா என்று தெரியாது. பதவி உயர்வு கொஞ்சம் தள்ளி வந்தது, ஆனால் வந்தது.

அவருக்கு வேறு கப்பலில் வேலை போட்டார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், காலைக் கூட்ட நேரத்தில், அக்கா கடைக்கு வந்தார். புதுப் பெட்டி வாங்கிக் கட்டியாகிவிட்டதாம். இந்தத் தடவை சாமான் போவதற்கு முன்னாலேயே பட்டியல் வேண்டும், தமிழில் வேண்டும், இரண்டு பிரதி வேண்டும் என்றார். சொல்லச் சொல்ல அடித்தேன். முப்பத்தெட்டு சாமான். எல்லாம் முடிந்ததும், "கீழ, சரிபார்த்தவர்னு போட்டு உங்க பேர போடுங்க" என்றார்.

"இன்னும் என்னை நம்பறீங்களாக்கா?"

"நம்பிகினு இல்ல பாய். நாளிக்கு எவனாச்சும் கேட்டான்னா, சொன்னததான் டைப் பண்ணேன்னு நீங்க சொல்ல முடியாதில்ல. அதுக்கு."

சரி, இதற்குத் தகுதியானவன்தான் நான் என்று நினைத்துக்கொண்டேன். என் பெயரை அடித்து, பிரிண்ட் எடுத்து, மனசெல்லாம் நிறைந்துபோய்ப் பேனாவைத் திறந்தேன். அக்கா வெடுக்கென்று தாளை இழுத்துக்கொண்டார்.

"சாமான பாக்காமயே போடறீங்க?"

கடையில் நான்கு பேர் ஜெராக்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினேன். அவர்களிடம் அரைமணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு, பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டு, அக்கா வீட்டுக்கு அவர் பின்னால் நடந்தேன்.